வீட்டிலிருந்து வேலை, கையில் 14 மாதக் குழந்தை: நான் எங்கே தவறுகிறேன்?

வீட்டுமேசை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குப் பயனர் கையேடுகளை எழுதித் திருத்தும் வேலையை முழு நேரமாக வீட்டிலிருந்தே செய்துவருகிறேன். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை, நடுவில் ஒரு மணி நேர இடைவெளி போக நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை. அதில் இரண்டு கூட்டங்கள் கட்டாயம். கணவர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் பணிபுரிகிறார். ஒரு வாரம் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, அடுத்த வாரம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை, மூன்றாம் வாரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று அவருடைய நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். உடனிருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் யாரும் எங்களுக்கு இல்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தபோது விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். முதல் இரண்டு மாதங்கள் நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை. பகலில் இரண்டு முறை உறங்குவாள். விழித்திருக்கும் நேரத்திலும் பாயில் படுத்தபடி எதையாவது பிடித்து விளையாடிக்கொண்டிருப்பாள். "இதைப் போய் முடியாது என்கிறார்களே" என்றுகூட நினைத்ததுண்டு. அந்த நினைப்பு ஒன்பதாம் மாதத்தில் கலைந்தது. தவழத் தொடங்கியவள் நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாலே அழுதாள். இப்போது நடக்கிறாள். மடிக்கணினியைத் திறக்கும் ஓசை கேட்டதும் ஓடிவந்து அதை மூடப் பார்க்கிறாள், சார்ஜர் கம்பியைப் பிடித்து இழுக்கிறாள். கூட்டம் நடக்கும்போது உயர நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையை மாட்டி, கைப்பேசியில் காணொளி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பத்து நிமிடம் என்று ஆரம்பித்த அந்தப் பழக்கம், சென்ற வாரம் ஒரு நாள் கைப்பேசியின் பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தைத் தொட்டிருந்தது.

பகலில் விட்டுப்போன வேலையை இரவு 10 மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி வரை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு அவள் எழுந்துவிடுவாள். சென்ற மாதம் திருத்தப்படாத பழைய கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். பெரிய சேதம் ஏற்படவில்லை என்றாலும், அப்படியொரு தவறை இதற்கு முன் நான் செய்ததில்லை. குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "நீ வீட்டில்தானே இருக்கிறாய், பிறகு எதற்குக் காப்பகம்?" என்ற கேள்வி வருகிறது. உறவினர்கள் கேட்பதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்வதுதான் பெரிய சிக்கல்.

வேறு ஒருவரின் உதவி இல்லாமல் இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறீர்களா? காணொளியைக் குறைக்க என்ன வழி? அலுவலகத்தில் நிலைமையைச் சொல்வது நல்லதா, அல்லது அது எனக்கு எதிராகவே திரும்புமா?


முன்னாள் காப்பகப் பணியாளர்:

சகோதரிக்கு வணக்கம். குழந்தைகள் காப்பகங்களில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒன்பதாம் மாதத்தில் உங்கள் வீட்டில் நடந்தது உங்கள் தவறால் நேர்ந்ததும் அல்ல, குழந்தையின் பிடிவாதமும் அல்ல. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு பொருளோ ஆளோ எங்கோ இருக்கத்தான் செய்கிறது என்பது அந்த வயதில்தான் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது. அம்மா கதவுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் "ஒரு மணி நேரத்தில் வருவாள்" என்பதைப் புரிந்துகொள்ளும் கால உணர்வு இன்னும் வந்திருக்காது. பிரிவைத் தாங்காத இந்தத் தவிப்பு பெரும்பாலும் 10 முதல் 18 மாதம் வரை உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லத் தணியும். ஆகவே நீங்கள் இப்போது மிகக் கடினமான பகுதியின் நடுவில் நிற்கிறீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத இடத்தில் குழந்தை சில நிமிடங்கள் அழுதுவிட்டு அங்கே இருப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும்; இதை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். அம்மா எதிரிலேயே இருந்தும் முகம் கொடுக்காத நிலைதான் அதைக் குலைத்துவிடுகிறது. எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தன் கைக்குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் சில நிமிடங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் எழுப்பும், எதற்கும் பதில் கிடைக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கிப்போகும். திரையைப் பார்த்தபடி "உம், உம்" என்று சொல்லும் நம் முகம் அந்தத் தாயின் முகத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நாள் முழுவதும் அருகில் இருப்பதைவிட, நான்கு மணி நேரம் முழுமையாக இல்லாமல் இருந்துவிட்டு அதன்பின் முழுமையாக இருப்பது குழந்தைக்கு எளிது என்பது என் அனுபவம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்பவர்களுக்கு இதுவே பதில்: உடல் வீட்டில் இருக்கிறது, வேலை நேரத்தில் ஆள் வீட்டில் இல்லை.

காணொளியைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு வயதில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. "காணொளியிலிருந்து சொற்களைக் கற்றுக்கொள்கிறாளே" என்று ஆறுதல் தேடுவோருக்கு இன்னொரு செய்தி: 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் 9 மாதக் குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன; அதே பேச்சைத் திரையில் பார்த்தவை கற்கவில்லை. இதையெல்லாம் உங்களைக் குற்றவுணர்வில் தள்ளுவதற்காக எழுதவில்லை. காய்ச்சல் நாளிலும் தவிர்க்க முடியாத கூட்டத்திலும் இருபது நிமிடக் காணொளியால் எதுவும் கெட்டுவிடாது. அது தினசரி ஆள்மாற்று ஆகிவிட்டதுதான் கவலைக்குரியது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. கூட்டத்துக்கு முந்தைய பதினைந்து நிமிடங்களைத் தயாரிப்புக்குச் செலவிடாமல், தரையில் உட்கார்ந்து அவளோடு மட்டும் இருங்கள்; வயிறும் மனமும் நிறைந்த குழந்தை சிறிது நேரம் தனியே விளையாடும். இந்த வயதில் அந்தச் "சிறிது நேரம்" என்பது ஐந்து, பத்து நிமிடம்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பொம்மைகளை மூன்று கூடைகளாகப் பிரித்து, ஒரு கூடையை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றை மறைத்துச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பழையதே புதிதாகத் தெரியும். அறையை விட்டுப் போகும்போது கண்ணில் படாமல் நழுவாதீர்கள். ஒரே சொல், ஒரே கையசைப்பு, அதன்பின் தயங்காமல் போய்விடுங்கள். நழுவிப் போகும் பெற்றோரின் குழந்தைகள்தாம் எந்நேரமும் காலைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

கம்பியை இழுக்கிறாள் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் கம்பிகளையும் சூடான பானத்தையும் அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு இன்றே மாற்றுங்கள். ரிமோட்டிலும் சிறு கருவிகளிலும் இருக்கும் பொத்தான் மின்கலங்கள் தனியே கிடக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகக்கூடும்; விழுங்கியிருப்பாளோ என்ற ஐயம் வந்தால்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.


இரு பிள்ளைகளின் தந்தை:

மேலே எழுதியவர் குழந்தையின் பக்கத்தைச் சொல்லிவிட்டார்; நான் மணிக்கணக்கின் பக்கத்தைச் சொல்கிறேன். நானும் என் மனைவியும் இருவருமே வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள். முதல் பிள்ளையின்போது நாங்கள் செய்த தவறு, இருவரும் நாள் முழுவதும் "கொஞ்சம் கொஞ்சம்" பார்த்துக்கொண்டதுதான். அழுகைச் சத்தம் கேட்டால் யாருக்குக் கை ஒழிந்திருக்கிறதோ அவர் எழுவது என்பது ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருடைய காதும் எப்போதும் அழுகையை எதிர்பார்த்தே இருக்கும், ஒருவர் வேலையும் முழுதாக நடக்காது, யார் அதிகம் எழுந்தார்கள் என்ற சண்டை மட்டும் தவறாமல் நடக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டியிருக்கிறார். உங்கள் பழைய கோப்பு வாடிக்கையாளருக்குப் போனதற்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இருக்காது.

பிறகு நாங்கள் நேரத்தைத் துண்டு போட்டோம். இந்த மூன்று மணி நேரம் பிள்ளை உன் பொறுப்பு, அடுத்த மூன்று மணி நேரம் என் பொறுப்பு. பொறுப்பில் இல்லாதவர் அலுவலகத்துக்குப் போய்விட்டதாகவே கருதப்படுவார், கதவு தட்டப்படாது. உங்கள் கணவரின் சுழலும் ஷிப்டை நீங்கள் ஒரு தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காலை 9 முதல் 1 வரை குழந்தை காப்பகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டுக்கு ஏற்ப இதை மாற்ற வேண்டாம். எல்லா வாரமும் ஒரே நேரமாக இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது. ஒன்றரை வயதை நெருங்கும்போது பகல் உறக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்து, நண்பகலுக்குப் பின் நிலைபெறும். அது ஏறத்தாழ 1 முதல் 3 வரை. ஆறு மணி நேரம் ஆயிற்று, மீதி இரண்டு. அவர் காலை ஷிப்டில் இருக்கும் வாரம், 3 மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். 3 முதல் 5 வரை குழந்தை அவரிடம். இரவு ஷிப்ட் வாரத்தில் நீங்கள் காலையில் வேலை செய்யும்போது அவர் தடையில்லாமல் உறங்கலாம்; மாலையில் அதே 3 முதல் 5 அவருடையது. பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் மட்டும் அவர் 2 மணிக்கு முன் போய்விடுவதால் மாலை கிடைக்காது. அந்த வாரம் காலை 7 முதல் 9 வரை அவர் பார்த்துக்கொண்டால் நீங்கள் 7 மணிக்கே வேலையைத் தொடங்கலாம். மூன்று வாரமும் எட்டு மணி நேரம் நிரம்பிவிடுகிறது. இரவு வேலை தேவைப்படாது.

இந்தக் கணக்கில் ஓட்டை ஒன்று உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. உறக்க நேரம் உறுதியானது அல்ல. பல் முளைக்கும் வாரங்களில் நாற்பது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆகவே உறக்க நேரத்தில் உடைந்தாலும் பாதகமில்லாத வேலையை மட்டும் வையுங்கள்: மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குவது போன்றவை. எழுதுவது, திருத்துவது, வாடிக்கையாளருக்கு அனுப்புவது எல்லாம் காப்பக நேரத்துக்கு உரியவை. எழுந்து போகும்போது, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரே ஒரு வரியைத் தாளில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து "எங்கே விட்டேன்" என்று தேடும் நேரம் மிச்சமாகும்.


பாதி நேரப் பணியாளர்:

உதவி இல்லாமல் செய்துகாட்டியவர் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தனியாகவே பிள்ளையை வளர்த்தவள் என்பதால் நான் பதில் சொல்லலாம்: செய்தேன், ஆனால் முழு நேர வேலையை வைத்துக்கொண்டு செய்யவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, முடித்துக் கொடுக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் மொழிபெயர்ப்பு வேலைக்கு மாறினேன். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம்தான் முடிந்தது, வருமானம் பாதிக்கும் கீழே போனது, சேமிப்பு கரைந்தது. மகன் மூன்று வயதில் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகே முழு வேலைக்குத் திரும்ப முடிந்தது. இதைப் பார்த்து "எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறாள்" என்று பாராட்டியவர்கள் என் வங்கிக் கணக்கைப் பார்த்ததில்லை. எட்டு மணி நேர வேலையையும் விழித்திருக்கும் ஒரு வயதுக் குழந்தையையும் ஒருவரே ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வதாக யாராவது சொன்னால், அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் இன்னொருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.


குழுத் தலைவி:

அலுவலகத்தில் சொல்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வீட்டிலிருந்து பணிபுரியும் ஒன்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்துகிறேன்; அவர்களில் நால்வருக்குச் சிறு குழந்தைகள் உண்டு. யாரிடமும் பேசுவதற்கு முன், வீட்டிலிருந்து பணிபுரிவதற்காக நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனி ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. அப்படி ஒன்று இருந்தால், "குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன்" என்று நீங்கள் வெள்ளந்தியாகச் சொல்வதே உங்களுக்கு எதிராக நிற்கும்.

மேலாளருக்குக் கதை தேவையில்லை, நேரம்தான் தேவை. "குழந்தையால் மிகவும் சிரமமாக இருக்கிறது, சில நேரம் தாமதம் ஆகலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னால், எனக்கு இரக்கம் வரும், ஆனால் நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. "மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் மட்டும் காலை 7 மணிக்கு வேலையைத் தொடங்கி 3 மணிக்கு முடிக்கிறேன், அந்த வாரங்களின் தேதிகள் இவை, மற்ற வாரங்களில் 9 முதல் 5 வரை இருப்பேன், கூட்டங்கள் இரண்டும் காலை 9 முதல் 1 மணிக்குள் அமைந்தால் நன்று" என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். இடைவேளை நேரத்தை எங்கே வைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தந்தை போட்டுக் கொடுத்த கணக்கில் அது விடுபட்டிருக்கிறது. எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு என்று சொல்வதும் அவசியம். முடிவுத் தேதி இல்லாத வேண்டுகோளை மேலிடத்தில் ஏற்கச்செய்வது எனக்கே கடினம். நடந்த தவறையும் குழந்தையையும் ஒரே கடிதத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கோப்பு மாறிப்போனதற்குத் தனியே ஒரு சரிபார்ப்பு முறையை முன்வையுங்கள்.

கூட்டத்தின் நடுவே குழந்தை உள்ளே வந்துவிடுவதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். 2017 மார்ச்சில் பிபிசி நேரலையில் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவரின் அறைக்குள் அவருடைய சின்ன மகள் உற்சாகமாக நடந்துவந்ததும், நடைவண்டியில் தம்பி பின்தொடர்ந்ததும், தாய் பாய்ந்துவந்து இருவரையும் இழுத்துச் சென்றதும் உலகமே பார்த்துச் சிரித்த காட்சி. அதனால் அவருடைய மதிப்பு எதுவும் குறைந்துவிடவில்லை. ஒருமுறை நடந்தால் சிரிப்பு, தினமும் நடந்தால்தான் முறையீடு.


வீட்டுமேசை:

உடனே பதில் எழுதாமல் ஐந்து வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஒப்பந்தத்தை வாசித்தேன். குழுத் தலைவி எச்சரித்த விதி அதில் அப்படியே இருந்தது. தேதிகளோடு ஆறு மாதத்துக்கான வேண்டுகோளை எழுதிக் கொடுத்ததில், 7 மணித் தொடக்கம் ஏற்கப்பட்டது. இரண்டு கூட்டங்களில் ஒன்றை மட்டுமே காலைக்கு மாற்ற முடிந்தது. மற்றொன்று 4 மணிக்கே நடக்கிறது. பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் அதற்கு மட்டும் இன்னமும் காணொளிதான் கைகொடுக்கிறது. நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம்.

காப்பகத்தில் முதல் எட்டு நாட்கள் வாசலில் அழுதாள். நழுவாமல், கையசைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதது நான்தான். ஒன்பதாம் நாள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள், அதுவும் ஒரு வகையில் வலித்தது. இரவு வேலை இந்த ஐந்து வாரங்களில் நான்கு முறை மட்டும் தேவைப்பட்டது. எதிர்பாராத ஒன்று: மூன்றாம் வாரத்திலிருந்து சளியும் காய்ச்சலுமாக இரண்டு முறை படுத்துவிட்டாள், ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாள் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, கணக்கெல்லாம் தலைகீழானது. இப்படியே தொடருமா?


முன்னாள் காப்பகப் பணியாளர்:

முதல் ஆண்டில் இது வழக்கம்தான், சகோதரி. புதிய குழந்தைகளுடன் பழகத் தொடங்கும்போது சளி அடிக்கடி வரும். பிறகு இடைவெளி கூடும். எந்த அறிகுறிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், காய்ச்சல் விட்டு எத்தனை மணி நேரம் கழித்து அழைத்துவரலாம் என்பதைக் காப்பகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோய் நாளில் யார் விடுப்பு எடுப்பது என்பதை அன்று காலையில் பேசாதீர்கள். கணவரின் ஷிப்ட் அட்டவணை வரும் நாளிலேயே, அந்த மாதத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் பெயரை எழுதிவைத்துவிடுங்கள். இரண்டு வாரம் உங்கள் பெயர் என்றால் இரண்டு வாரம் அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.